செருப்புப் போடும்போது கேட்ட கேள்வி

அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு மனமில்லை. ஆனாலும் எழுதத்தான் போகிறேன், எழுதாவிட்டால் இந்த வயிற்றெரிச்சல் அடங்காது. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் யாராவது அவளுக்கு அனுப்பிவிடுவார்கள், அவளும் வாசித்துவிட்டுச் சந்தோசப்படுவாள். அந்தச் சந்தோசத்தை என் கையால் கொடுப்பதாக இல்லை.

அப்போது எங்கள் அலுவலகம் கொம்பனித்தெருவில் இருந்தது. பழைய தோட்டத்து வீடுகளை இடித்துவிட்டு எழுப்பிய உயரக் கட்டடம். கம்பனியின் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழிகளைப் பார்த்துக்கொள்வது எங்கள் பிரிவின் வேலை. நான் அங்கே மூத்தவள், வெள்ளவத்தையிலிருந்து ரயில் பிடித்து நேரத்துக்கு வருகிறவள். அவள் எனக்குப் பிறகு சேர்ந்தவள், கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்து ஒருநாளும் நேரத்துக்கு வராதவள். வரும்போது ஒரு கையில் கடதாசியில் சுற்றிய வடை இருக்கும். மற்றக் கை ஈரத்தலையைக் கொண்டையாக முடிந்துகொண்டிருக்கும். மணிக்கூடு கட்டமாட்டாள். நகத்துக்கு மட்டும் கிழமைக்கு ஒரு நிறம் பூசுவாள்.

நேரமே தெரியாத இந்தப் பெண்ணிடம்தான் அந்தப் பழக்கம் இருந்தது. நீங்கள் ஒன்று கேட்டால் தெரிந்தால்கூட உடனே சொல்லமாட்டாள். சொல்லும்போது, கேட்ட நேரத்தை முதலில் உங்களிடமே திருப்பித் தருவாள். நாள், மணி என்று இல்லை. "லிஃப்ட் நடுவுல நின்னப்ப கேட்டீங்களே அக்கா, அதுக்குச் சொல்றேன்" என்று தொடங்குவாள். அல்லது "டீயில சீனி கூடிப்போச்சுன்னு மூஞ்ச சுளிச்சீங்களே, அப்ப கேட்டது." நீங்கள் கேட்டதையே மறந்திருப்பீர்கள். அவள் மறக்கமாட்டாள். கேட்ட இடம், கேட்ட முகம், வெளியே பெய்த மழை எல்லாவற்றையும் பதிலோடு சேர்த்துக் கையில் தருவாள்.

கீழே வாசலில் நின்ற செக்யூரிட்டிக்காரர், மகளுக்கு எந்தப் பாடம் எடுத்தால் நல்லது என்று எப்போதோ கேட்டுவிட்டாராம். கன நாள் கழித்து ஒரு காலை, "அய்யே, எதா வெஸ்ஸ வெலாவே..." என்று சிங்களத்தில் தொடங்கினாள். அன்றைக்கு மழை பெய்த நேரம் கேட்டீர்களே என்று. அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவேண்டும்! அன்றிலிருந்து அவள் பிந்தி வந்தாலும் லிஃப்டைப் பிடித்துவைத்துக் கொடுப்பார். நேரத்துக்கு வருகிற எனக்கு ஒருநாளாவது பிடித்திருப்பாரா?

நானும் ஒருதரம் செய்து பார்த்தேன். "அய்யே, எதா..." என்று இளித்துக்கொண்டு போனேன். "நான் மிஸ்ஸிடம் ஒன்றும் கேட்கவில்லையே" என்றார். உண்மைதான், என்னிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் கேட்ட கையோடு டக்கென்று பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். சரியான பதில்தான். ஆனால் அதை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை.

அவளுடைய பழக்கம் எல்லா நேரமும் இனிப்பாக இருந்தது என்று நினைக்கவேண்டாம். ஒருநாள் எல்லாரும் இருக்கும்போது, "அக்கா, அழுதுட்டு வந்தீங்களே, அன்னைக்குக் கேட்ட பாஸ்வேர்ட் மாத்தியாச்சு" என்றாள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. முகத்தைக் கழுவி, பவுடர் போட்டு, அழுத கண் வெளியே தெரியாமல் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்த நாள் அது. அவளுக்கு அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை, அது இன்னும் எரிச்சல். நான் எந்த முகத்தோடு கேட்டேனோ அந்த முகத்தோடேயே திருப்பிக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

ஏன் அழுதேன் என்றும் சொல்லவேண்டும். என் மனிசனுக்கு டோஹாவிலிருந்து வேலை வந்திருந்தது. இவர் கட்டட வேலைகளுக்கு அளவு மதிப்பீடு செய்கிறவர். இங்கே கட்டிக்கொண்டிருந்த மாடிகள் எல்லாம் கம்பி நீட்டிக்கொண்டு அரைவாசியில் நின்ற காலம். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் எத்தனை மனிசிமார் அப்படி விடப்பட்டிருந்தார்கள்! மனிசன் வெளியில், மனிசி நாலாம் மாடியில், நடுவில் ஒரு போன். எனக்கு இருந்தது ஒரே கேள்வி. என்னையும் கூட்டிக்கொண்டு போவாரா, இல்லை என்னையும் அந்த வரிசையில் விட்டுவிட்டுப் போவாரா?

கேட்டேன். விடியக் கேட்டேன், பொழுதுபடக் கேட்டேன். என் மனிசனுக்கு வாய் என்று ஒன்று இருப்பது சோறு சாப்பிடத்தான். "ம்" என்பார். சில நேரம் கடலைப் பார்ப்பார். எங்கள் பல்கனியில் நின்றால் ரயில் பாதைக்கு அங்கால் கடல் தெரியும். வீடு வாங்கும்போது அந்தக் கடலுக்காக ஆசைப்பட்டவளும் நான்தான், கோதாரி.

அதற்குள் ஒரு குப்பைக் கதையும் நடந்தது. ஒரு காலை நான் அவசரமாக வெளிக்கிட்டுக்கொண்டே, "குப்பையைக் கீழ கொண்டுபோய் வைக்கிறீங்களா?" என்று கேட்டேன். முதல்நாள் மீன் வெட்டிய கழிவு அதற்குள் இருந்தது. இவர் பல்கனியில் நின்று கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்து, தெளிவாக "ஓம்" என்றார். நான் இறங்கிப் போய்விட்டேன். பின்னேரம் வந்து கதவைத் திறந்தால் வீடு நாறுகிறது. பை வைத்த இடத்திலேயே இருக்கிறது. அந்த மனிசன் அதைத் தாண்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார்!

"வாயைத் திறந்து ஓம் எண்டு சொல்லிப்போட்டு இதென்ன வேலை?" என்று கத்தினேன். "உங்கட ஓமும் நீங்களும்! அந்த ஓமைக் கொண்டுபோய்க் கடல்ல போடுங்கோ, எனக்குத் தேவையில்லை!"

இவர் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். வர நல்லாப் பிந்திவிட்டது.

இனி அலுவலகத்துக் கூட்டம். வெளியிலிருந்து வந்து எங்கள் கணினிகளின் பாதுகாப்பைச் சோதித்தவர்கள் ஒரு குறை சொல்லிவிட்டுப் போனார்கள். பெரிய கோப்பு ஒன்று ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது சின்னச் சின்னப் பொதிகளாகப் பிரிந்துதான் போகும். ஒவ்வொரு பொதியின் தலையிலும் யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனையாவது என்று எழுதியிருக்கும். அதோடு டைம்ஸ்டாம்ப் என்று ஒரு நேர முத்திரையும் குத்தலாம். விருப்பமென்றால் குத்தலாம், கட்டாயமில்லை. எங்கள் பழைய சேர்வர்கள் குத்துகிற முத்திரையைக் கவனித்தால், அவற்றைக் கடைசியாக எப்போது நிறுத்தித் தொடங்கினோம் என்று வெளியாள் கணக்குப் பார்த்துவிடலாமாம். நான் உடனே, அதை மூடிவிடலாம் என்றேன். எப்போது விழுந்தேன், எப்போது எழும்பினேன் என்று ஊருக்கு ஏன் தெரியவேண்டும்? எனக்கு அது பிடிக்காது.

எங்கள் மேலாளர் மருதானைப் பக்கத்து முஸ்லிம் மனிதர், நேரடியாகக் கேட்பார். "இது இல்லாட்டியும் வேலை ஓடுமா?"

"ஓடும் சேர்" என்றேன்.

"அப்ப என்னத்துக்கு இதை வெச்சீக்கி?"

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு அவள் வருகிறாள். வடை, கொண்டை, பச்சை நகம். வந்து உட்கார்ந்து, என்ன கதை என்று பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"சேர், நீங்க ஸ்டோர்ஸுக்கு ஒரு மவுஸ் கேட்டு மெசேஜ் போடுறீங்க. பதில் வரல்ல. மறுபடியும் போடுறீங்க. அப்புறம் சரின்னு ஒரு பதில் வருது. அது முதல் மெசேஜுக்கா, ரெண்டாவதுக்கா?"

"எதுக்கா இருந்தா என்ன? மவுஸ் வந்தாச் சரிதானே."

"முதலாவதுக்குன்னா ஸ்டோர்ஸ் ரொம்ப மெதுவு. ரெண்டாவதுக்குன்னா ஸ்டோர்ஸ் சுறுசுறுப்பு, முதல் மெசேஜ்தான் வழியில தொலைஞ்சிருச்சு. இது தெரியாம அடுத்த தடவை எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாட்டி அவசரப்பட்டு மறுபடி மறுபடி அனுப்புவீங்க. ரோடு அடைச்சுக்கும்."

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுக்குத்தான் சேர் முத்திரை. அனுப்புறவன் தன்னோட நேரத்த எழுதி அனுப்புறான். வாங்கினவன் பதில் போடுறப்ப அத அப்படியே திருப்பி ஒட்டி அனுப்புறான். அவனுக்கு அதோட அர்த்தம் தெரியத் தேவையில்ல. ரெண்டு பேரோட மணிக்கூடும் ஒத்துப்போகவும் தேவையில்ல. வாங்கினதத் திருப்பிக் குடுத்தாப் போதும்."

"எத்தினையாவது பொதி எண்டு எண் இருக்குத்தானே" என்றேன் நான். விடுவேனா?

"எண்ணு முடிஞ்சா மறுபடி முதல்லருந்து வரும் அக்கா. எங்கேயோ சுத்திட்டு லேட்டா வந்த பழைய பொதியும், இப்ப வந்த புதுசும் ஒரே எண்ணோட நிக்கும். முத்திரையப் பாத்தாத்தான் பழசுன்னு கழிக்கலாம்."

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? அவளுக்கு முன்னமே படித்தவள் நான். கேட்டிருந்தால் நானும் சொல்லியிருப்பேன். ஆனால் மேலாளர் அவளைப் பார்த்துத் தலையாட்டி, "அப்ப ஈக்கட்டும்" என்று முத்திரையை விட்டுவைத்தார். வெளியே வரும்போது நான் அவளைப் பிடித்தேன். கரண்ட் திரும்ப வந்து ஜெனரேட்டர் நின்ற நேரம்.

"ஒண்டை விட்டிட்டீர். ரெண்டு கணினியும் தொடர்பைத் தொடங்கி முதல் வணக்கம் சொல்லேக்கயே முத்திரை வேணுமெண்டு கேட்டிருக்கவேணும். ஒரு பக்கம் கேக்காட்டி, பிறகு அந்தத் தொடர்பு முடியும்வரைக்கும் இல்லை. இடையில போடேலாது."

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். கொஞ்ச நாள் கழித்து என் மேசைக்கு வந்து, "ஜெனரேட்டர் நின்னப்ப சொன்னீங்களே அக்கா, ஆமா, அத விட்டுட்டேன்" என்றாள். வெற்றி எனக்குத்தான். ஆனால் அதைக்கூட அவள்தான் அழகாகக் கொடுத்தாள்.

அந்தப் பாதுகாப்பு வேலை முடிந்த சந்தோசத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாரும் என்று பேச்சுக்குச் சொல்லிவைத்தேன். வந்துவிட்டாள். அதுவும் பிந்தித்தான். இவர் வீட்டில் ஆள் வந்தால் பேப்பருக்குப் பின்னால் ஒளிகிறவர். அன்றைக்குச் சாப்பிட்டு எழும்பிக் கை கழுவுகிற இடத்தில், நான் பாத்திரம் எடுத்துக்கொண்டு போகும்போது, மெதுவாக அவளிடம் கேட்கிறார். "நல்ல பாபத் கறி எங்க கிடைக்கும்?"

மாட்டுக்குடல்! என் வீட்டில், நான் கத்தரிக்காய்க் குழம்பும் பயற்றங்காயும் சமைத்துவைத்த அன்றைக்கு! அவள் சிரித்தாள், பதில் சொல்லவில்லை. போகும்போது வாசலில் குனிந்து செருப்பின் வாரை மாட்டிக்கொண்டே, நிமிராமல் இவரிடம் ஒன்று கேட்டாள்.

"டோஹா போகப் பயமா இருக்கா அண்ணா?"

எனக்குக் கதவைச் சாத்தலாம் போல இருந்தது. இவரும் பதில் சொல்லவில்லை. அவள் பதிலுக்கு நிற்கவும் இல்லை, படியிறங்கிப் போய்விட்டாள்.

சில நாளில் அவளிடமிருந்து என் போனுக்கு ஒரு குரல் செய்தி. "அக்கா, இது அண்ணனுக்கு. கை கழுவுறப்ப கேட்டீங்களே, அதுக்கு. எங்க ஆபீசுக்குப் பின்னால ஒரு மலாய் வீடு இருக்கு, வெள்ளிக்கிழமைல செஞ்சு குடுப்பாங்க." இவர் அதைத் திரும்பப் போடச் சொன்னார். என் மனிசன் பல்லைக் காட்டிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம்! "பார்த்தீரே, நான் கேட்டதை ஞாபகம் வைச்சிருக்கு அந்தப் பிள்ளை" என்றார். நான் இவருடைய சட்டை அளவு, காலையில் போடும் பிரஷர் குளிசை, தங்கச்சியின் பிள்ளைகளின் பிறந்தநாள் எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு பல்லாவது தெரிந்ததா?

இது போதாதென்று, பிறகு ஒரு விடியற்காலை. புட்டுக்குச் சம்பல் போட்டுக் கொடுத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன். இவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்தப் பிள்ளை வாசல்ல செருப்புப் போடேக்க என்னட்டை ஒண்டு கேட்டது. அதுக்கு ஓம் எண்டு சொல்லிவிடும்."

எனக்குப் புட்டு இறங்கவில்லை. போவதற்கு இவருக்கு ஆசை, என்னை விட்டுவிட்டுப் போகத்தான் இந்த மௌனம் என்று நான் நினைத்திருந்தேன். இவருக்குப் பயமாம். கட்டின மனிசியிடம் சொல்லாத பயம், வடையோடு திரிகிற ஒருத்திக்குப் போகிறது. அதுவும் என் கையில் கொடுத்து அனுப்புகிறார். எனக்கு வந்த செய்தியில்லை அது, என் வழியாகப் போகிற செய்தி. பொறாமை என்றால் நெஞ்சில் இருக்கும் என்கிறார்கள். எனக்குத் தொண்டையில் இருந்தது.

அவள் வரும்வரை தேநீர் போடுகிற மூலையில் காத்து நின்றேன். வழமைபோலப் பிந்தி வந்தாள்.

"என்ர மனிசன் உமக்கு ஓம் எண்டு சொல்லட்டாம்."

"எதுக்கு அக்கா?"

"உமக்குத் தெரியாதோ? செருப்புப் போடேக்க கேட்டீரே, அதுக்கு."

அவள் முகம் மலர்ந்தது. "அப்படியா! ஒரு கிழமைக்கு மேல எடுத்திருக்கே. அண்ணனுக்கு அவ்வளவு நேரம் வேணும்போல."

அதுதான் அவளுக்கு முக்கியம்! கேள்வி போய்ப் பதில் வர எவ்வளவு காலம் எடுத்தது என்று கணக்குப் பார்க்கிறாள்! நான் வெடித்துவிட்டேன். மீட்டிங்கில் சேருக்கு முன்னால் என்னை ஒன்றும் தெரியாதவளாக்கினாய், வந்த நாள் தொடக்கம் எல்லாரையும் கைக்குள் போட்டாய், இப்போது என் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டாய் என்று வாயில் வந்ததெல்லாம் கொட்டினேன். அவள் வடையை ஒரு கடி கடித்தாள்.

"அக்கா, மீட்டிங் கோபம் மீட்டிங் அன்னைக்குள்ளது. இப்பதான் வந்து சேருது. அது பழசு, அத விடுங்க. இன்னைக்குள்ளது என்னா?"

பத்திக்கொண்டு வந்தது எனக்கு. என் கோபத்தைத் தரம் பிரிக்க இவள் யார்? ஆனாலும் இன்றைக்குள்ளது எது என்று என் மனம் தானாகத் தேடியது. கண்டுபிடித்ததும் குரல் உடைந்துவிட்டது.

"அவர் எனக்குச் சொல்லேல்லை."

"நீங்க கேட்டீங்களா?"

"ஒவ்வொரு நாளும் கேக்கிறன். என்னையும் கூட்டிக்கொண்டு போவீங்களா எண்டு விடியவும் கேக்கிறன், பொழுதுபடவும் கேக்கிறன்."

"ஒரு கிழமை எடுக்கிற ஆளுக்கு விடியவும் பொழுதுபடவும் அனுப்பினா, பாவம், அவரு எதுக்குன்னு பதில் சொல்வாரு?"

"உமக்கென்ன, லேசாச் சொல்லலாம். எங்களுக்குள்ள அந்தப் பழக்கம் இல்லை. தொடங்கேக்க ஒருத்தரும் கேக்கேல்லை. இடையில போடேலாது. தெரியும்தானே உமக்கு."

"தெரியும். நீங்கதான சொன்னீங்க." வடைக் கடதாசியைக் கசக்கிக் கூடையில் போட்டாள். "அப்ப மூடிட்டு மறுபடி திறங்க."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். மூடுவதாம்! கலியாணத்தையா? அவளுக்கு என்ன, கலியாணமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. ஏசிக்கொண்டே ரயில் ஏறினேன், ஏசிக்கொண்டே இறங்கினேன். ஆனால் அவள் சொன்னது சரி. தொடர்பை மூடித் திரும்பத் திறப்பதைத் தவிரக் கணினிக்கு வேறு வழி கிடையாது. நானும் அந்த வேலையைச் செய்கிறவள்தானே.

எங்கள் தொடர்பு தொடங்கியது காலி வீதியில் ஓர் ஐஸ்கிரீம் கடையில். இரண்டு வீட்டாரும் பேசிவைத்து எங்களைத் தனியாக ஒரு மேசையில் இருத்திவிட்டார்கள். நெடுநேரம் கழித்து இவர் சொன்ன முதல் வார்த்தை, "ஐஸ்கிரீம் உருகுது." நான் சொன்னது, "ஓம்." அதுதான் எங்கள் முதல் வணக்கம். அதில் என்னத்தைக் கேட்டோம், என்னத்துக்குச் சம்மதித்தோம்?

வேலை முடிந்து அங்கே வரும்படி இவருக்குச் செய்தி அனுப்பினேன். வந்தார். எதிரில் இருந்தார். ஐஸ்கிரீம் வந்தது. நான் நிமிர்ந்திருந்து, "வணக்கம்" என்றேன்.

"உமக்கென்ன விசரோ?"

"வணக்கம் சொன்னா வணக்கம் சொல்லுங்கோ."

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "வணக்கம்" என்றார்.

"நான் இனி ஏதும் கேட்டா, கேக்கிற நேரத்துக்கு ஒரு அடையாளம் வைச்சுக் கேப்பன். நீங்கள் எப்ப மறுமொழி சொன்னாலும் அந்த அடையாளத்தையும் சேர்த்துச் சொல்லவேணும். நீங்கள் கேட்டா நானும் அப்பிடித்தான். சம்மதமோ?"

இவர் யோசித்தார். "இது அந்தப் பிள்ளையின்ர பழக்கமெல்லோ?"

ஐயோ, அந்த இடத்திலும் அவளா! "இப்ப என்ர பழக்கம். சம்மதமோ, இல்லையோ?"

"சம்மதம்" என்று கரண்டியைக் கீழே வைத்தார்.

"இப்ப நீங்கள் கரண்டியைக் கீழ வைச்ச நேரம் கேக்கிறன். டோஹாவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவீங்களா?"

ஐஸ்கிரீம் உருகியது. எழும்பி வீட்டுக்கு நடந்தோம். நான் திரும்பக் கேட்கவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று கேட்டுப் பழகியவளுக்குத்தான் தெரியும். காலையில் கேள்வி நாக்கு நுனிவரை வரும், தேத்தண்ணியோடு விழுங்குவேன். பின்னேரம் இவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் மறுபடி வரும். குளித்துவிட்டு வந்து நின்றேன், துணி மடித்தேன், குப்பையை நானே கீழே கொண்டுபோனேன். ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். அதுவும் அவள் அளந்து சொன்ன கணக்கு. அதை நம்பித்தான் வாயை மூடியிருந்தேன் என்று எழுதவே கை கூசுகிறது.

இவர் மறுமொழி சொன்னார். எப்போது, எங்கே வைத்து, என்ன செய்துகொண்டிருக்கும்போது என்பதை மட்டும் எழுதமாட்டேன். சொன்னதை எழுதுகிறேன்.

"நான் கரண்டியைக் கீழ வைச்ச நேரம் நீர் கேட்டதுக்கு. ஓம். ஆனா அதை நான் முதலே சொல்லிப்போட்டன்."

"எப்ப சொன்னீங்கள்?"

"மீன் குப்பை நாறின அண்டைக்கு."

"அது குப்பைக்குச் சொன்ன ஓம்!"

"குப்பையோ?" இவர் உண்மையாகவே விழித்தார். "நீர் குப்பையைப் பற்றிக் கேட்டது எனக்குக் கேக்கவே இல்லை. அதுக்கு முதல் கிழமை தலைக்கு முழுகிப்போட்டு, தோளில துவாயோட, ஈரம் சொட்டச் சொட்ட வந்து நிண்டு கேட்டீர். என்னையும் கூட்டிக்கொண்டு போவீங்களோ எண்டு. அதையே யோசிச்சுக்கொண்டு திரிஞ்சன். அந்த வெயில், ஒரு அறை வீடு, உம்மட வேலையை விடவேணும். எல்லாம் யோசிச்சு அண்டைக்கு விடியத்தான் ஒரு முடிவு வந்தது. வந்த உடன சொன்னன், ஓம் எண்டு. பின்னேரம் நீர் வந்து, அந்த ஓமைக் கடல்ல போடச் சொன்னீர்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"சரி, உமக்கு வர விருப்பமில்லையாக்கும் எண்டு விட்டிட்டன். தனியப் போறதை நினைச்சாத்தான்... அந்தப் பிள்ளை கேட்டதுக்கு அதுதான் ஓம் எண்டு சொல்லிவிட்டது."

எத்தனை தரம் கேட்டிருப்பேன்! அத்தனைக்குள்ளும் இவர் பிடித்து வைத்திருந்தது ஒன்று. அதில் என் தலையிலிருந்து சொட்டிய தண்ணீரும் இருந்தது, தோளில் கிடந்த துவாயும் இருந்தது. எனக்கே ஞாபகமில்லாத துவாய். அழுதேன், சிரித்தேன், பிறகு குப்பைக்காக ஏசியது போதாதென்று இவரை இன்னொருதரம் ஏசினேன். ஓம் என்று சொன்ன மனிசன் எதற்கென்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கக்கூடாதா?

டோஹாவுக்கு இருவரும் போனோம். இருந்து, உழைத்து, வெயிலைத் திட்டி, திரும்பி வெள்ளவத்தைக்கே வந்துவிட்டோம். நான் கொம்பனித்தெருவில் வேலை செய்த கடைசி நாளில் அவள் என்னை லிஃப்ட் வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். அன்றைக்கு நகத்துக்கு மஞ்சள். கதவு மூடுகிற நேரம் கேட்டாள்.

"அக்கா, அண்ணன் பதில் சொன்னாரா? எப்ப சொன்னாரு?"

நான் சிரித்தேன். கதவு மூடிவிட்டது.

இப்போது அவள் வேறு நாட்டில் இருக்கிறாள், பெரிய வேலையாம். வருசப் பிறப்புக்கு வாழ்த்து அனுப்புவாள், பொங்கலுக்கு அனுப்புவாள். திரும்பக் கேட்கமாட்டாள், அவளைத் தெரியும் எனக்கு. லிஃப்ட் கதவு மூடுகிற நேரம் கேட்டதற்கு என் பதில் வர எவ்வளவு காலம் எடுக்கும் என்று பேசாமல் காத்திருப்பாள். காத்திருக்கட்டும். செக்யூரிட்டியின் மழையும், நான் அழுதுவிட்டு வந்த காலையும், என் மனிசன் கை கழுவிய நேரமும் அவளிடம் இருக்கின்றன. எல்லாருடைய நேரமும் அவளிடம் இருக்கிறது. இவர் எனக்கு ஓம் சொன்ன நேரம் மட்டும் அவளிடம் இல்லை, கொடுக்கவும் மாட்டேன்.